எண்ணும் தேதியும்: அமெரிக்கப் பழைய பாக்ஸ்கார்களை மாடலுக்காகத் துருவுவது

எந்த நிறுவனத்தின் வண்டி என்று கேட்டால் ரயில் மாடல் செய்கிறவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். என்ன எண், எந்த ஆண்டு என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ஆராய்ச்சி தொடங்குவதே அந்த இரண்டில்தான். ஒரே பாக்ஸ்காருக்கு, அதாவது முழுக்க மூடிய சரக்குப் பெட்டிக்கு, 1938-ல் ஒரு தோற்றம், 1948-ல் ஒரு தோற்றம், 1956-ல் இன்னொன்று. கூரை நடைபலகை மாறியிருக்கும், பிரேக் மாறியிருக்கும், எழுத்து மாறியிருக்கும், சில சமயம் கதவே மாறியிருக்கும். ‘பென்சில்வேனியா ரயில்ரோடு பாக்ஸ்கார்’ என்று பொதுவாக ஒன்றை யாராலும் சரியாகச் செய்ய முடியாது. இன்ன எண்ணுள்ள வண்டி, இன்ன ஆண்டு இருந்த நிலையில் என்றால் செய்யலாம்.

இங்கே பேசுவது ஏறத்தாழ 1920 முதல் 1955 வரை ஓடிய அமெரிக்கச் சரக்கு வண்டிகளைப் பற்றி. மாடல் அளவுகள் எல்லாம் எச்ஓ, அதாவது 1:87.1, அசலின் ஓர் அடி, மாடலில் 3.5 மில்லிமீட்டர். சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. சக்கரத் தொகுதியை அமெரிக்கர்கள் ‘ட்ரக்’ என்பார்கள், நான் போகி என்று எழுதுகிறேன். முழுப் பெட்டியையே போகி என்னும் பேச்சுவழக்கைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.

முதலில் புரட்ட வேண்டியது ‘அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரிஜிஸ்டர்’. ஒரு நிறுவனத்தின் வண்டி இன்னொரு நிறுவனத்தின் தடத்தில் ஓடும்போது, அது என்ன வண்டி, எவ்வளவு கொள்ளும் என்று எல்லோரும் பார்த்துக்கொள்வதற்காகத் தொடர்ந்து வெளிவந்த பட்டியல் இது. 1943 ஜனவரி, 1953 ஜனவரி இதழ்களுக்கு மறுபதிப்பு உண்டு. உங்கள் காலம் இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்தால் வேலை பாதி குறைந்த மாதிரி.

ஒவ்வொரு நிறுவனத்தின் கீழும் எண் வரிசை, வகைக் குறியீடு, உள்நீளம், உள்அகலம், உள்உயரம், வெளி அளவுகள், கதவு அகலம், கன அடி, எடைக் கொள்ளளவு, கடைசியில் அந்த வரிசையில் மீந்திருக்கும் வண்டிகளின் எண்ணிக்கை என்று பத்திகள் ஓடும். வகைக் குறியீட்டில் எக்ஸ்எம் என்றால் சாதாரண பாக்ஸ்கார், ஆர்எஸ் என்றால் பனிக்கட்டி வைக்கும் குளிர்வண்டி, எச்எம் இரட்டை ஹாப்பர் (அடியில் திறந்து சரக்கைக் கொட்டும் வண்டி), ஜிபி அடித்தளம் திறக்காத கோண்டோலா (கூரையில்லாத வண்டி), டிஎம் டேங்க் கார்.

எண்ணிக்கைப் பத்தியைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. ஒரு வரிசையில் 1943-ல் 1,000 வண்டிகள், 1953-ல் 612 என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 388 எங்கே போயின? அதே நிறுவனத்தின் பட்டியலில் 1943-ல் இல்லாத ஒரு புதிய வரிசை 1953-ல் முளைத்து, அதில் 300 சொச்சம் வண்டிகள், உள்நீளம் அதேதான், உயரம் மட்டும் கூடியிருக்கிறது என்றால், பழைய வண்டிகளைத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. சந்தேகம்தான், முடிவு அல்ல. வரிசைக்குள்ளேயே விதிவிலக்கான எண்களை அடிக்குறிப்பில் தள்ளியிருப்பார்கள். அதைப் படிக்காமல் எண்ணைத் தேர்ந்தெடுத்தால், 6 அடிக் கதவு வரிசையில் இருக்கும் சொற்பமான 7 அடிக் கதவு வண்டிகளில் ஒன்றின் எண்ணை ஒட்டிவிட்டு நிற்க வேண்டிவரும்.

இந்தப் பட்டியல் சொல்லாதது நிறைய. யார் கட்டியது, முனைச் சுவர் என்ன வகை, கூரை என்ன, கதவு யாருடையது, என்ன நிறம் என்று எதுவும் இருக்காது. அதற்குப் படம் வேண்டும். எண் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு படம் தேடுவது ஒரு வேலை. அழகான படத்தைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற கிட்டை (நாமே ஒட்டிச் சேர்க்கும் மாடல் பாகங்களின் தொகுப்பை) வாங்குவது வேறு வேலை. இரண்டாவதில்தான் பணம் கரையும்.

படம் கிடைத்ததும் வண்டியை விட்டுவிட்டு, அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பாக்ஸ்காரின் வலப்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஐஎல், ஐடபிள்யூ, ஐஎச், சியூ எஃப்டி என்று அளவுகள் இருக்கும்: உள்நீளம், உள்அகலம், உள்உயரம், கன அடி. படம் மங்கலாக இருந்து கன அடி மட்டும் தெரிந்தாலும் போதும். 40 அடி 6 அங்குல நீளம், 9 அடி 2 அங்குல அகலம், 10 அடி உயரம் என்றால் பெருக்கல் 3,712 சொச்சம் வரும். உயரம் 10 அடி 6 அங்குலம் என்றால் 3,898. ஆகவே ‘3712’ என்று படிக்க முடிகிற படத்தில் இருப்பது 10 அடி 6 அங்குல வண்டியாக இருக்க முடியாது. பெட்டியின் மேல் கிட் கம்பெனி என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

இடப்பக்கத்தில், எண்ணுக்குக் கீழே, மூன்று வரி எடைக்கணக்கு. கேப்பி என்பது பெயரளவுக் கொள்ளளவு. எல்டி எல்எம்டி ஏற்றக்கூடிய உச்ச எடை. எல்டி டபிள்யூடி வெற்று வண்டியின் எடை. பின்னிரண்டையும் கூட்டினால் அச்சின் அளவு தெரிந்துவிடும். 50 டன் வண்டிக்கு 5½க்கு 10 அங்குல ஜர்னல் (தாங்கிக்குள் சுழலும் அச்சு முனை). தண்டவாளத்தின் மேல் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,69,000 பவுண்டு. 40 டன் வண்டிக்கு 5க்கு 9 ஜர்னல், 1,36,000. 70 டன்னுக்கு 6க்கு 11, 2,10,000. வெற்று எடை 44,300 என்றால் 50 டன் வண்டியின் உச்ச ஏற்றம் 1,24,700தான். 1,24,600 என்று டெக்கால் (மாடலில் ஒட்டும் எழுத்துப் படலம்) ஒட்டியிருந்தால் கணக்குத் தெரிந்தவர் கண்ணில் அது உறுத்தும். இந்த மொத்தங்கள் 1960-களில் உயர்த்தப்பட்டன. 1,77,000 கூட்டல் வரும் 50 டன் டெக்காலை 1950-ம் ஆண்டு வண்டியில் ஒட்டக் கூடாது.

எடைக்குப் பக்கத்தில் ஒரு மாதமும் ஆண்டும் இருக்கும். புது வண்டி என்றால் ‘நியூ’ என்ற சொல், மறுபடி எடை போட்டது என்றால் எடை போட்ட இடத்தின் குறியீடு. படத்தின் தேதியைக் கண்டுபிடிக்க இதைவிடப் பெரிய துப்பு கிடையாது. ‘10-47’ என்று இருந்தால் படம் அதற்கு முன் எடுத்ததாக இருக்கவே முடியாது. இரும்பு வண்டிகளுக்கு மறு எடை இடைவெளி முதலில் 30 மாதமாக இருந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 48 மாதம் ஆயிற்று. ஆகவே மேல்வரம்பையும் ஓரளவு ஊகிக்கலாம். ஆர்பிகேடி என்று தொடங்கும் இன்னொரு சிறு எழுத்து ஜர்னல் பெட்டியில் எண்ணெய்த் திணிப்பு மாற்றிய தேதி. அது இன்னும் அடிக்கடி மாறும் என்பதால் வரம்பு இன்னும் சுருங்கும்.

இனி உடல். 40 அடி இரும்பு பாக்ஸ்கார்களில் குழப்பம் வருவது மூன்று தலைமுறைகளுக்கு இடையில். 1932-ன் ஏஆர்ஏ (அமெரிக்க ரயில் நிறுவனங்களின் சங்கம்) வடிவம் 9 அடி 4 அங்குல உள்உயரம். அதன் பின் வந்த சங்கமான ஏஏஆரின் 1937 வடிவம் 10 அடி. அதையே உயர்த்திய வடிவம் 10 அடி 6 அங்குலம். பக்கவாட்டுப் படத்தில் இந்த வித்தியாசம் சட்டென்று தெரியாது. முனைச் சுவரைப் பாருங்கள். இரும்புத் தகட்டில் கிடைமட்டமாகப் புடைப்புகள் அழுத்தியிருப்பார்கள், ட்ரெட்நாட் முனை என்று பெயர். இரண்டு தகடுகள் நடுவில் சேரும் இணைப்புக்கு மேலே எத்தனை புடைப்பு, கீழே எத்தனை என்று எண்ண வேண்டும். 1932 வண்டிகளில் பெரும்பாலும் 4/4, 1937 வண்டிகளில் 4/5, உயர்த்தியவற்றில் 5/5. போர் முடியும் தறுவாயில் புடைப்பின் வடிவமே மாறி ‘இம்ப்ரூவ்டு ட்ரெட்நாட்’ வந்தது. அதில் உச்சியில் ஒரு சிறு செவ்வகப் புடைப்பு, அதன் கீழ் 3, இணைப்புக்குக் கீழ் 4 என்ற அமைப்பு பரவலானது. முனையின் ஓரம் கூர் மூலையா, உருண்டதா என்பதும் முக்கியம். 1937 வடிவத்தின் தொடக்க வண்டிகள் கூர் மூலை, 1940-களில் கட்டியவை உருண்ட மூலை. ஓராண்டு முன்பின் இருக்கும், அதனால் இதை மட்டும் வைத்துத் தேதி சொல்லிவிடாதீர்கள்.

ஏணியையும் எண்ணுங்கள். பக்கச் சுவர் ஏணியில் 7 படியா 8 படியா? ஒரே நிறுவனம் அடுத்தடுத்து வாங்கிய இரண்டு வரிசைகளுக்குள் இது மாறும். பல கிட்டுகளில் ஒரு வகை ஏணிதான் இருக்கும். பக்கத் தகடுகளின் எண்ணிக்கையும் அப்படித்தான்: ரிவெட் வரிசைகளை எண்ணினால் கதவுக்கு இருபுறமும் ஐந்தைந்தாகப் பத்துத் தகடா, ஆறாறாகப் பன்னிரண்டா என்று தெரியும். ரிவெட்டே கண்ணில் படவில்லை என்றால் வெல்டிங் செய்த வண்டியாக இருக்கலாம். வண்டி கட்டும் கம்பெனியான புல்மன்-ஸ்டாண்டர்டு 1947-ல் கொண்டுவந்த பிஎஸ்-1 அப்படிப்பட்டது; அதற்கு முனையும் கூரையும்கூடத் தனி வடிவம். கூரையில் சாய்கோட்டுப் புடைப்பு இருந்தால் 1948 வாக்கிலோ அதற்குப் பிறகோ வந்த கூரை. செவ்வகப் புடைப்பு அதற்கு முந்தியது.

பென்சில்வேனியாவின் எக்ஸ்29 வகையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1924-ல் தொடங்கி ஏறத்தாழ 30,000 வரை கட்டினார்கள். உள்உயரம் 8 அடி 7 அங்குலம்தான். தொடக்க வண்டிகளுக்குத் தட்டை முனை, தகட்டுக் கதவு. கடைசிக் காலத்து வண்டிகளுக்கு ட்ரெட்நாட் முனை, நெளிவுக் கதவு. இது வரை கிட் கம்பெனிகளும் பார்த்துக்கொள்கின்றன. கோட்டைவிடுவது துருவை. வெளித்தகட்டுக்கும் உள்ளே அடித்த மரப்பலகைக்கும் இடையில் தண்ணீர் தங்கி, தரை மட்டத்தில் பக்கத் தகடுகள் அரித்துப்போயின. அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு நீளவாக்கில் ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடித்தார்கள். 1940-களின் பிற்பகுதிப் படங்களில் பல எக்ஸ்29 வண்டிகளின் அடியில் இந்த ஒட்டு தெரியும். மாடலில் இதற்கு 0.13 மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டையும் அதன் மேல் ரிவெட் டெக்காலும் போதும், ஒரு மாலை வேலை. 1950-ம் ஆண்டு ரயிலில் பத்து எக்ஸ்29 நின்று ஒன்றில்கூட ஒட்டு இல்லையென்றால், அது 1930-ம் ஆண்டு ரயில்.

இன்னொரு கூட்டம், அரசு கட்டியவை. 1917 டிசம்பர் இறுதியில் அமெரிக்க அரசு ரயில்களின் நிர்வாகத்தைக் கையில் எடுத்து 1920 மார்ச் 1 வரை நடத்தியது. யுஎஸ்ஆர்ஏ என்ற அந்த அமைப்பு சில தரப்படுத்திய வடிவங்களில் ஏறத்தாழ 1 லட்சம் வண்டிகளை வாங்கி நிறுவனங்களுக்குப் பங்கிட்டது. அதில் இரட்டைப் பலகைச் சுவர் கொண்ட 40 டன் பாக்ஸ்கார்களைப் பின்னாளில் பல நிறுவனங்கள் இரும்புச் சுவர் வைத்துத் திருத்திக் கட்டின. கண்டுபிடிப்பது எளிது: புதிய சுவர் பழைய அடிச்சட்டத்தைவிட வெளியே தள்ளி நிற்பதால், அதைத் தாங்க அடிவிளிம்பில் வரிசையாக முட்டுகள் தெரியும். மீன் வயிறு போல நடுவில் தாழ்ந்த மைய உத்தரமும் அப்படியே இருக்கும். சாதாரண 1937 உடலை எடுத்து இந்த எண்ணை ஒட்டினால் பக்கவாட்டு நிழலுருவமே தவறாகிவிடும்.

காற்று பிரேக்கில் இரண்டே கேள்வி. கே வகையா, ஏபி வகையா? கே வகையில் சிலிண்டர், காற்றுத் தொட்டி, வால்வு மூன்றும் பெரும்பாலும் ஒரே உருளையாகச் சேர்ந்திருக்கும். ஏபியில் மூன்றும் தனித்தனியாகத் தொங்கும். புதிய வண்டிகளுக்கு 1933 முதல் ஏபி கட்டாயம். பழைய கே வண்டிகள் 1953-க்குப் பிறகு பிற நிறுவனத் தடத்துக்குப் போக முடியாது. இரும்புப் பட்டைகளை போல்ட் போட்டுக் கட்டிய ஆர்ச்-பார் போகிகளுக்கு 1940-களின் தொடக்கத்திலேயே கதவு அடைத்தாயிற்று, ஏனென்றால் போல்ட் தளர்ந்தும் பட்டை வெடித்தும் அவை தடம்புரள வைத்தன. 1948-ம் ஆண்டு ரயிலில் ஆர்ச்-பார் வேண்டும் என்றால் அது நிறுவனத்தின் சொந்தப் பராமரிப்பு வண்டியில் மட்டும்தான்.

அடியில் எதை எங்கே வைப்பது என்ற குழப்பத்துக்கு ஒரே விதி போதும். கைப்பிரேக் இருக்கும் முனை ‘பி’ முனை. பிரேக் சிலிண்டரின் தண்டு வெளியே நீள்வதும் அந்த முனையை நோக்கித்தான். பி முனையைப் பார்த்து நின்றால் உங்கள் இடப்புறம் வண்டியின் இடப்பக்கம். உடலைத் தலைகீழாகக் கவிழ்த்து வேலை செய்யும்போது இடமும் வலமும் மாறிப்போகும், தவறு நடப்பதே அங்கேதான். மேசைமேல் கவிழ்ப்பதற்கு முன் பி முனையின் உள்பக்கம் பென்சிலில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

நடைபலகை: 1940-களின் நடுப்பகுதி வரை மரம், பிறகு கட்டிய வண்டிகளில் இரும்பு வலை. மரம் என்றால் மூன்று பலகை. 18 அங்குலம் மாடலில் 5.25 மில்லிமீட்டர். இரும்பு வலையை வார்த்த பிளாஸ்டிக்கில் செய்தால் தடியாகத் தெரியும், எட்ச் செய்த, அதாவது அமிலத்தால் அரித்தெடுத்த உலோகத் தகடே மேல். பழைய வண்டிக்கு மரம் உளுத்ததும் இரும்பு மாற்றியிருக்கலாம், ஆனால் எல்லா நிறுவனமும் மாற்றவில்லை. படம் பார்க்காமல் முடிவு செய்ய முடியாத விஷயம் இது.

படத்துக்கு எங்கே போவது? அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் ஜாக் டெலானோ என்ற புகைப்படக்காரர் 1942-43-ல் சிகாகோவைச் சுற்றிய யார்டுகளில் எடுத்த படங்கள் பெரிய கோப்புகளாகக் கிடைக்கின்றன. கறுப்பு-வெள்ளை மட்டுமல்ல, கோடாக்ரோம் வண்ணமும் உண்டு. ப்ரோவைசோ யார்டு படத்தை முழு அளவில் திறந்தால், பின்வரிசையில் நிற்கும் பெட்டிகளின் கூரையும் அழுக்கும் தெளிவாகத் தெரியும். பக்கவாட்டுப் படங்களில் கிடைக்காதது கூரைதான், அதனால் மேலிருந்து எடுத்த யார்டு படங்களைத் தனிக் கோப்பில் சேர்த்து வையுங்கள். செயின்ட் லூயிஸில் மெர்கன்டைல் நூலகத்தின் பாரிகர் ரயில் தொகுப்பு, டெலவேரில் ஹாக்லி நூலகம், சாக்ரமென்டோவில் கலிஃபோர்னியா அரசு ரயில் அருங்காட்சியகத்தின் நூலகம் ஆகியவற்றிலும் படங்களும் ஆவணங்களும் குவிந்திருக்கின்றன. கேட்டு எழுதும்போது ‘பாக்ஸ்கார் படம் இருக்கிறதா’ என்று எழுதினால் பதில் வராது. கட்டிய கம்பெனி, ஆண்டு, எண் வரிசை மூன்றையும் கொடுங்கள்.

தொழிற்சாலை வாசலில் கட்டியவரே எடுத்த படம் துல்லியமானது, ஆனால் அது வண்டியின் முதல் நாள். அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியோ அதன் கடைசி நாள்: இடையில் பிரேக், போகி, கதவு எல்லாம் மாறி, யாரோ அன்போடு தவறான நிறம் அடித்து வைத்திருப்பார்கள். அளவெடுக்க அது நல்லது, நிறத்துக்கும் எழுத்துக்கும் வேண்டாம். ஒரு பக்கத்துப் படத்தை வைத்து மறுபக்கத்தையும் முடிவு செய்யக் கூடாது. சாண்டா ஃபே ரயில் நிறுவனம் 1940 முதல் சில ஆண்டுகள் பாக்ஸ்காரின் ஒரு பக்கம் தன் தடத்தின் வரைபடத்தையும் மறுபக்கம் ஒரு பயணிகள் ரயிலின் பெயரோடு விளம்பர வாசகத்தையும் எழுதியது. இரண்டு பக்கமும் வரைபடம் ஒட்டிய மாடல்களை இன்னும் பார்க்க முடிகிறது.

நிறத்தைப் பற்றிச் சண்டை ஓயாது, அதனால் சுருக்கமாக. ஆர்த்தோக்ரோமாட்டிக் என்ற பழைய கறுப்பு-வெள்ளை பிலிம் சிவப்பை உணராது. துரு சிவப்புப் பெட்டி அதில் ஏறக்குறையக் கறுப்பாக விழும். அதைப் பார்த்துக் ‘கறுப்பு வண்டி’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. பழைய எக்டாக்ரோம் ஸ்லைடு காலப்போக்கில் சிவந்துபோகும், கோடாக்ரோம் அவ்வளவாக மாறாது. நாகம் பூசிய கூரைத் தகட்டில் பெயின்ட் நிற்காமல் உரிந்து சாம்பல் திட்டுகள் தெரியும். பல நிறுவனங்கள் கூரைக்கும் முனைக்கும் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்தன. பக்கச் சுவரின் நிறத்தையே கூரைக்கும் அடித்துவிடுவது சோம்பல்தான்.

படத்திலிருந்து அளவெடுக்க நேர்ப் பக்கவாட்டுப் படம் வேண்டும். பட்டியலில் கதவு 6 அடி, அதாவது 72 அங்குலம். படத்தில் அது 252 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 3.5 பிக்சல். அடிவிளிம்பு முட்டு 28 பிக்சல் என்றால் 8 அங்குலம், மாடலில் 2.3 மில்லிமீட்டர். சரிபார்க்கச் சக்கரத்தை அளக்கலாம்: சாதாரணமாக 33 அங்குல விட்டம், மாடலில் 9.6 மில்லிமீட்டர். ஆனால் கதவு சுவரின் தளத்திலும் சக்கரம் அதற்கு உள்ளேயும் இருப்பதால், கேமரா கிட்டே இருந்திருந்தால் சக்கரம் சற்றுச் சிறிதாக வரும். சாய்ந்த கோணப் படத்தில் இந்தக் கணக்கு செல்லாது, ஒரே தூரத்தில் இருக்கும் செங்குத்து அளவுகளை மட்டும் ஒப்பிடலாம்.

மாடலில் எதைத் திருத்துவது, எதை விடுவது? கைப்பிடிக் கம்பி அசலில் ¾ அங்குலம், மாடலில் 0.22 மில்லிமீட்டர். 0.2 மில்லிமீட்டர் கம்பியும் 0.3 மில்லிமீட்டர் துளையும் பொருந்தும். வார்ப்பில் வந்த தடித்த கைப்பிடியைச் சீவிவிட்டு இதை வைத்தால் வண்டியின் முகமே மாறும். கதவு, கூரை, முனை எல்லாம் தனிப் பாகமாகக் கிடைக்கும்போது மாற்றலாம். உயரத்தை மட்டும் தொடாதீர்கள். 10 அடி 6 அங்குல உடலை 10 அடியாக்க 1.75 மில்லிமீட்டர் அறுத்தால் போதும் என்று தோன்றும். அறுத்த பிறகு கதவின் நெளிவு, ஏணிப் படி, முனையின் புடைப்பு மூன்றும் கணக்குத் தப்பும். வேறு உடல் வாங்குவதுதான் மலிவு.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தாள் வைத்துக்கொள்வது நல்லது. எண் வரிசை, கட்டியவர், ஆண்டு, எண்ணிக்கை, முனை, கூரை, கதவு, கைப்பிரேக், போகி, நடைபலகை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தப் படத்தில் பார்த்தது, அந்தப் படத்தின் மறு எடைத் தேதி என்ன. படத்தில் கண்டதை மையிலும் ஊகித்ததைப் பென்சிலிலும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது எது உறுதி, எது நம் ஆசை என்று வேறு எப்படியும் தெரியாது.

கடைசியாக ஒட்ட வேண்டியது மறு எடைத் திட்டு. எழுத்து முழுக்க ஒட்டி, அழுக்கும் அடித்து முடித்த பிறகு, பழைய வெற்று எடை, உச்ச ஏற்றம், தேதி இருக்கும் இடங்களை மட்டும் பெட்டியின் நிறத்திலேயே, அழுக்கில்லாத புதுப் பெயின்ட்டில், சிறு செவ்வகமாக மூடுங்கள். அதன் மேல் புதிய எண்கள். வெற்று எடை 44,300 இருந்தது 43,900 ஆனால் ஏற்றம் 1,25,100. கேப்பி வரி மாறாது, அதை மூட வேண்டாம். தேதி உங்கள் ரயில் ஓடும் மாதத்துக்கு முந்தையதாக இருக்கட்டும், ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே மாதம் போட்டுவிடாதீர்கள்.